சர்வீசர் மாறியதில் காணாமற்போன 22 மாதங்கள்: கல்விக் கடன் தகராறை யாரிடம், எப்படித் தீர்ப்பது?

எடிசன் அப்பா
9 பிப்ரவரி 2025

அனைவருக்கும் வணக்கம். என் மகள் நியூ ஜெர்சியில் அரசுப் பள்ளி ஆசிரியை. 2015 மே மாதம் பட்டம் பெற்று, செப்டம்பரில் வேலையில் சேர்ந்து, ஆறு மாதச் சலுகைக் காலம் முடிந்த கையோடு அந்த டிசம்பர் முதல் தன் ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசு) கல்விக் கடனுக்குத் தவணை கட்டி வருகிறாள். வருமானத்தை ஒட்டித் தவணை வைக்கும் ஐ.பி.ஆர். திட்டத்தில் இருக்கிறாள். அரசு அல்லது லாப நோக்கற்ற பணியில் இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டினால் மீதிக் கடன் தள்ளுபடியாகும் என்ற பி.எஸ்.எல்.எஃப். திட்டத்தை நம்பித்தான் இந்த வேலையை விடாமல் பார்க்கிறாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். பிள்ளைகளுக்காகப் பார்க்கிறேன் என்பாள். இரண்டும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம்.

சென்ற செப்டம்பரில் அவளுடைய கடன் கணக்கு ஒரு சர்வீசரிடமிருந்து (தவணை வாங்கிக் கணக்கு வைக்கும் நிறுவனம்) இன்னொரு சர்வீசருக்கு மாற்றப்பட்டது. இப்போது பார்த்தால் தகுதி பெற்ற தவணைகள் 88 என்று காட்டுகிறது. டிசம்பர் 2015 முதல் சென்ற ஜனவரி வரை விரல் விட்டு எண்ணினால் 110 மாதங்கள் வருகின்றன. 22 மாதங்களைக் காணவில்லை. போதாக்குறைக்கு, கணக்கு மாறியபோது, வங்கியிலிருந்து தானாகத் தவணை போகும் ஆட்டோபே நின்றுபோய், அக்டோபர் முதல் ஜனவரி வரை நான்கு தவணைகள் கட்டப்படவே இல்லையாம். 90 நாள் நிலுவை என்று, கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் கிரெடிட் பியூரோக்களுக்கும் தெரிவித்துவிட்டார்கள். வீடு வாங்க விண்ணப்பித்திருந்தாள். 740-இல் இருந்த கிரெடிட் ஸ்கோர் 620-க்கு இறங்கிவிட்டதால் வங்கி கையை விரித்துவிட்டது.

நான் மூன்று முறை தொலைபேசியில் காத்திருந்து பேசினேன். கடன் வாங்கியவரிடம் மட்டுமே பேசுவோம் என்று மூன்று முறையும் வைத்துவிட்டார்கள். நான்காம் முறை மகளே பேசினாள். கடிதம் அனுப்பினோம், நீங்கள்தான் பார்க்கவில்லை என்றார் ஒருவர். பழைய தேதியிட்டு ஃபார்பேரன்ஸ் (தவணையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் சலுகை) போட்டுத் தருகிறேன், நிலுவை மறைந்துவிடும் என்றார் இன்னொருவர். எதை நம்புவது, எங்கே முறையிடுவது என்று தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

ஹூஸ்டன்வாசி
9 பிப்ரவரி 2025

ஐயா, இந்தத் தலைவலியே வேண்டாம். ஒரு தனியார் வங்கியில் ரீஃபைனான்ஸ் செய்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். வட்டியும் குறைந்தது, இப்போது ஒரே நிறுவனத்தோடு பேசினால் போதும்.

நிதியுதவி மேசை
9 பிப்ரவரி 2025

ஹூஸ்டன்வாசி அவர்களே, உங்களுக்கு அது பொருந்தியிருக்கலாம். 88 மாதங்கள் கட்டி முடித்த ஓர் அரசுப் பள்ளி ஆசிரியைக்கு அந்த யோசனை கூடவே கூடாது. ஃபெடரல் கடனைத் தனியார் கடனாக மாற்றிய நொடியில் பி.எஸ்.எல்.எஃப். உரிமையும் வருமானத்தை ஒட்டிய தவணையும் போய்விடும். திரும்பி வர வழி கிடையாது.

எடிசன் ஐயா, நான் ஒரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவள். உங்கள் பதிவைப் படித்ததும் முதலில் தோன்றியது இதுதான்: நீங்கள் ஒரே தகராறு என்று நினைப்பது உண்மையில் இரண்டு தகராறுகள். இரண்டையும் ஒரே தொலைபேசி அழைப்பில் சேர்த்துப் பேசுவதால்தான் ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது.

கடனைக் கொடுத்தது கல்வித் துறை. சர்வீசர் என்பது அந்தத் துறையிடம் ஒப்பந்தம் எடுத்து, பில் அனுப்பி, பணம் வாங்கி, கணக்கு எழுதும் நிறுவனம் மட்டுமே. தகுதி பெற்ற தவணைகளை எண்ணும் வேலை சில ஆண்டுகளுக்கு முன்புவரை குறிப்பிட்ட ஒரு சர்வீசரிடம் இருந்தது. 2024-இன் நடுப்பகுதியிலிருந்து அது கல்வித் துறையின் ஸ்டூடன்ட்எய்ட் டாட் கவ் தளத்துக்கே போய்விட்டது. எனவே 88-ஆ 110-ஆ என்ற வழக்கை அந்தத் தளத்தில், மறுபரிசீலனைக் கோரிக்கையாகத்தான் வைக்க வேண்டும். ஆட்டோபே ஏன் நின்றது, பியூரோவுக்கு ஏன் அப்படி எழுதினீர்கள் என்ற வழக்கு மட்டுமே சர்வீசருடையது. தொலைபேசியில் பேசுபவர் இந்தப் பிரிவினையை உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. பல நேரங்களில் அவருக்கே தெரியாது.

இனி, எண்ணிக்கை ஏன் குறைந்தது என்பதை அவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். மகள் அந்தத் தளத்தில் உள்நுழைந்து தன் கடன் விவரக் கோப்பைத் தரவிறக்க வேண்டும். பார்க்க அழகில்லாத வெறும் எழுத்துக் கோப்புதான். ஆனால் ஒவ்வொரு கடனும் எந்தத் தேதியில் எந்த நிலையில் இருந்தது என்பது அதில் வரிசையாக இருக்கும்: தவணை கட்டும் நிலை என்றால் ஆர்.பி. என்றும், ஃபார்பேரன்ஸ் என்றால் எஃப்.பி. என்றும் குறியீடு போட்டிருப்பார்கள். அதை ஒரு பக்கம் வையுங்கள். இன்னொரு பக்கம், பழைய சர்வீசரிடமும் புதிய சர்வீசரிடமும் முழுத் தவணை வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள். மூன்றாவதாக, பள்ளி நிர்வாகம் கையெழுத்திட்ட பணிச் சான்றுப் படிவங்கள் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஏற்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். இந்த மூன்றையும் மாதவாரியாக ஒரே தாளில் எழுதினால், காணாமற்போன 22 மாதங்களும் எங்கே விழுந்தன என்பது தானாகத் தெரிந்துவிடும். பெரும்பாலும் அவை ஒரே குழியில் விழுந்திருக்காது.

ஃபார்பேரன்ஸ் போட்டுத் தருகிறேன் என்று சொன்னாரே, அதற்கு இப்போதைக்குச் சம்மதிக்க வேண்டாம். நிலுவை மறையும் என்பது உண்மை. ஆனால் அந்த நான்கு மாதங்களும் 120-இல் சேராமல் போய்விடும். 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, தாமதமாகக் கட்டிய தவணையும் எண்ணிக்கையில் சேரும். முன்பு போலக் கெடு தேதிக்கு 15 நாட்களுக்குள் கட்டியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கையில் பணமிருந்தால் நான்கையும் கட்டிவிடுவதே மேல்.

கடைசியாக ஒன்று, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா பேசினால் அவர்கள் பேச மாட்டார்கள்; அது திமிர் அல்ல, தனியுரிமைச் சட்டம். மகள் எழுத்தில் அனுமதி கொடுத்தால் நீங்கள் பேசலாம். ஆனாலும் அவளே எழுதுவது நல்லது. என் மேசைக்கு எதிரே எத்தனையோ அப்பாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளை வாயைத் திறக்க ஐந்து நிமிடம் ஆகும்.

எடிசன் அப்பா
15 பிப்ரவரி 2025

அம்மா, மிக்க நன்றி. கடைசிப் பத்தியை மகளிடம் படித்துக் காட்டினேன். அரை மணி நேரம் சிரித்தாள். நான்கு மாதம் பணம் போகாதது எப்படித் தெரியாமல் போனது என்று தனி மடலில் ஒருவர் கேட்டிருந்தார். தவணைக்கென்றே ஒரு தனிக் கணக்கு வைத்திருக்கிறாள்; சம்பளத்தில் ஒரு பகுதி அதில் தானாக விழும், அதிலிருந்து தானாகப் போகும். ஒன்பது ஆண்டுகள் ஒழுங்காக நடந்ததால் அந்தக் கணக்கை அவள் திறந்தே பார்க்கவில்லை. பணம் அங்கேயே இருந்ததால் நான்கு தவணைகளையும் பிப்ரவரித் தவணையோடு சேர்த்து நேற்றே கட்டிவிட்டாள்.

நீங்கள் சொன்னபடி இரவு இரண்டு பேரும் உட்கார்ந்து தாள் போட்டோம். 2016-இல், ஐ.பி.ஆர். புதுப்பிப்புப் படிவம் பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லி அப்போதைய சர்வீசர் ஆறு மாதம் ஃபார்பேரன்ஸில் போட்டிருக்கிறார். இவள் கேட்டதாக நினைவில்லை, மறுத்ததாகவும் நினைவில்லை. அடுத்தது, 2018 கோடையில் பள்ளி மாவட்டம் (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்) மாறினாள். முதல் மாவட்டம் கொடுத்த பணிச் சான்று 2017 ஜூனோடு முடிகிறது. ஆனால் அவள் 2018 ஜூன் வரை அங்கேதான் வேலை பார்த்தாள். அதில் 12 மாதங்கள். கடைசியாக இந்த நான்கு. ஆறும் பன்னிரண்டும் நான்கும் சேர்ந்து 22. ஒரு மாதம்கூடக் குறையவில்லை, கூடவில்லை.

பழைய சர்வீசர் அனுப்பிய மாற்ற அறிவிப்புக் கடிதத்தையும் தேடி எடுத்தேன். ஆட்டோபே விவரங்கள் புதிய சர்வீசருக்குத் தானாக மாறும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது. காகிதத்தைத் தூக்கி எறியாத என் குணத்துக்கு வீட்டில் முதன்முறையாக மரியாதை கிடைத்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை
15 பிப்ரவரி 2025

வரிக் கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன். நிதியுதவி மேசை அவர்கள் ஃபார்பேரன்ஸ் வேண்டாம் என்று சொன்னது 120-ஐ மட்டும் பார்த்துச் சொன்னது. வீடு வாங்கும் குடும்பத்துக்குக் கிரெடிட் அறிக்கையும் காசுதான். பழைய தேதியிட்ட ஃபார்பேரன்ஸை ஏற்றுக்கொண்டால், நிலுவையே இல்லை என்றாகி அந்தப் பதிவை நீக்கச் சொல்ல வலுவான காரணம் கிடைக்கும். தவணையைக் கட்டிவிட்டால் நிலுவை தீரும். ஆனால் ஒரு காலத்தில் 90 நாள் நிலுவை இருந்தது என்ற வரலாறு ஏழு ஆண்டுகள் அறிக்கையில் நிற்கும். நான்கு மாதத் தள்ளுபடி உரிமையா, இந்த ஆண்டு வீட்டுக் கடனுக்குக் கிடைக்கும் வட்டி விகிதமா என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு முடிவெடுத்திருக்கலாம்.

நிதியுதவி மேசை
16 பிப்ரவரி 2025

கணக்குப்பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. வீட்டு விஷயத்துக்கு நான் போதிய எடை கொடுக்கவில்லை. ஆனால் ஐயாவிடம் அந்தக் கடிதம் இருக்கிறது. நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று எழுத்தில் சொல்லிவிட்டு நிறுத்தினார்கள் என்றால், அது கடனாளியின் தவறிய தவணை அல்ல, நிறுவனத்தின் பிழை. பிழையைத் திருத்து என்று கேட்க வேண்டிய இடத்தில் சலுகை கொடு என்று ஏன் கேட்க வேண்டும்? ஃபார்பேரன்ஸ் என்பது சலுகை. அதை வாங்கிக்கொண்டால், தவறு நம்முடையது என்று நாமே எழுதிக் கொடுத்தது போலாகிவிடும்.

இரவுப் பணி
16 பிப்ரவரி 2025

நான் கவுண்டி மருத்துவமனையில் செவிலியர். இதே பாதையில் நடந்து என் கடன் 2023-இல் தள்ளுபடியானது. கிரெடிட் அறிக்கை விஷயத்தில் நான் செய்த ஒரு தவறை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நான் சர்வீசருக்கு மட்டும் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஒரு சட்ட உதவி மையத்தில் விளக்கினார்கள்: ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டத்தின்படி, தவறான தகவலை எதிர்த்து பியூரோவிடம் முறையிட்டால், பொதுவாக 30 நாட்களுக்குள் அவர்கள் விசாரித்து முடிக்க வேண்டும், தகவல் கொடுத்த நிறுவனத்தையும் விசாரிக்க வைக்க வேண்டும். அந்த நிறுவனம் ஒழுங்காக விசாரிக்கவில்லை என்று பின்னால் நீதிமன்றம் போக வேண்டி வந்தால், பியூரோ வழியாக முறையிட்டிருந்தால்தான் அந்த உரிமையே பிறக்கும். நேரடியாக நிறுவனத்துக்கு மட்டும் நூறு கடிதம் எழுதியிருந்தாலும் அந்த வழி திறக்காது.

ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ஒன்றில் திருத்தினால் மற்றவற்றில் தானாகத் திருந்தாது. இணையப் படிவத்தில் காரணத்துக்குப் பெட்டியைத் தட்டிவிட்டுப் போகாமல், கடித நகலை இணைத்து, என்ன நடந்தது என்று நான்கு வரிகளில் எழுதுங்கள். நான் முதல் முறை பெட்டியை மட்டும் தட்டினேன்; சரிபார்க்கப்பட்டது, தகவல் சரியே என்று இரண்டு வாரத்தில் பதில் வந்தது.

ஹூஸ்டன்வாசி
17 பிப்ரவரி 2025

எல்லாரும் கடிதம் எழுதச் சொல்கிறீர்கள். அவர்கள் தவறைச் சரிசெய்யும்வரை ஒரு தவணையும் கட்டாமல் இருந்தால்தான் அவர்களுக்கு உறைக்கும் என்பது என் எண்ணம்.

சட்டம் படித்தவன்
17 பிப்ரவரி 2025

உறைக்காது. சர்வீசருக்கு அது தன் பணம் அல்ல. ஃபெடரல் கடனில் 270 நாள் கட்டாமல் இருந்தால் டிஃபால்ட், அதாவது கடனைக் கட்டத் தவறியவர் என்றாகிவிடும். அதன்பின் நீதிமன்ற உத்தரவே இல்லாமல் கையில் வரும் சம்பளத்தில் 15 சதவீதம் வரை பிடிக்கவும், வருமான வரியில் திரும்ப வரும் பணத்தை எடுத்துக்கொள்ளவும் அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. தனியார் கடனுக்கு இருப்பது போல வழக்குத் தொடரக் காலவரம்பும் இதற்குக் கிடையாது. 1991-இலேயே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை நீக்கிவிட்டது. தகராறு நடக்கும்போது தவணையை நிறுத்துவது, நம் பக்கம் இருக்கும் நியாயத்தை நாமே குலைப்பதாகும்.

சர்வீசர் மீது வழக்குப் போட முடியுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். உயர்கல்விச் சட்டத்தின் விதிகளைச் சர்வீசர் மீறினார் என்பதற்காக மட்டும், அந்தச் சட்டத்தின் கீழ்க் கடனாளி நேரடியாக வழக்குப் போட முடியாது. நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆனால் மாநில நுகர்வோர் சட்டங்களின் கீழ் வழி உண்டா என்ற கேள்வியில், 2019-இல் ஏழாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் நெல்சன் எதிர் கிரேட் லேக்ஸ் வழக்கில் ஒரு முக்கியமான கோட்டைப் போட்டது. தெரிவிக்க வேண்டியதைத் தெரிவிக்கவில்லை என்ற புகாரை ஃபெடரல் சட்டம் தடுத்துவிடும். தானாக முன்வந்து தவறான தகவலைச் சொல்லிக் கடனாளியை நம்ப வைத்தார்கள் என்ற புகாரை அது தடுக்காது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நியூ ஜெர்சி மூன்றாவது மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கீழ் வருவதால் அந்தத் தீர்ப்பு அங்கே கட்டாயப்படுத்தாது. என்றாலும், எழுத்தில் இருக்கும் தவறான உறுதிமொழிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று இதிலிருந்து புரியும். ஐயா வைத்திருக்கும் கடிதம் அப்படிப்பட்டது.

2016 ஃபார்பேரன்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்த சர்வீசர் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். ஆனால் அந்தக் காலத்தில் அது பரவலாக எழுந்த குற்றச்சாட்டு. வருமானத்தை ஒட்டிய திட்டத்தில் சேர்க்க வேண்டியவர்களை எளிதாக முடிந்துவிடும் ஃபார்பேரன்ஸுக்குத் தள்ளினார்கள் என்றுதான் நேவியன்ட் என்ற சர்வீசர் மீது, சி.எஃப்.பி.பி. என்ற ஃபெடரல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2017 ஜனவரியில் வழக்குத் தொடர்ந்தது. அது 2024 செப்டம்பரில் 12 கோடி டாலர் சமரசத்திலும், அந்த நிறுவனம் ஃபெடரல் கல்விக் கடன்களைப் பராமரிக்கக் கூடாது என்ற தடையிலும் முடிந்தது.

எடிசன் அப்பா
18 பிப்ரவரி 2025

சி.எஃப்.பி.பி. வேலைகளையே நிறுத்தச் சொல்லி இந்த மாதம் உத்தரவு போட்டிருப்பதாகச் செய்தியில் பார்த்தேன். இப்போது அங்கே புகார் கொடுத்துப் பயன் உண்டா?

சட்டம் படித்தவன்
18 பிப்ரவரி 2025

புகார்த் தளம் திறந்திருக்கும்வரை கொடுங்கள். அந்தப் புகார் நேரே நிறுவனத்தின் தனிப் பிரிவுக்குப் போகிறது. பொதுவாக 15 நாட்களில் பதில் சொல்ல வேண்டும், சிக்கலானவற்றுக்கு 60 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். தொலைபேசியில் கிடைக்கும் ஆளும் இந்தப் பதிலை எழுதும் ஆளும் ஒருவர் அல்லர் என்பதே இதன் பெரிய பயன். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நியூ ஜெர்சியில் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வங்கி மற்றும் காப்பீட்டுத் துறையில் கல்விக் கடனுக்கென்றே ஒரு குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கனெக்டிகட் 2015-இலேயே இதைத் தொடங்கியது. கலிஃபோர்னியாவும் மாசசூசெட்ஸும் பின்னர் தங்கள் சட்டங்களைக் கொண்டுவந்தன. உங்கள் மாநிலத்தில் கதவு இருக்கும்போது தட்டாமல் விடாதீர்கள்.

ஒப்பீட்டுக்காகச் சொல்கிறேன்: வீட்டுக் கடன் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு மாறினால், முதல் 60 நாட்களுக்குப் பழைய முகவரிக்குக் கெடுவுக்குள் கட்டிய பணத்தைத் தாமதம் என்று சொல்லக் கூடாது என்று ஃபெடரல் சட்டமே இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு கல்விக் கடனுக்கு இல்லை.

இரவுப் பணி
19 பிப்ரவரி 2025

கடிதம் அனுப்பினோம் என்று அவர்கள் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 அக்டோபரில், கோவிட் காலத்தில் நிறுத்திவைத்திருந்த தவணைகள் மீண்டும் தொடங்கிய முதல் மாதத்திலேயே, 25 லட்சம் பேருக்கு உரிய நேரத்தில் பில் அனுப்பத் தவறியதற்காக மொஹேலா என்ற சர்வீசருக்கு 72 லட்சம் டாலரைக் கல்வித் துறையே நிறுத்தி வைத்தது. அதனால் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நிலுவையில் விழுந்தார்கள். எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு, எந்தக் கடிதம் என்று எழுத்தில் கேளுங்கள். அழைப்புகளை அவர்கள் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவின் நகலையும் கேட்கலாம்.

ஹூஸ்டன்வாசி
19 பிப்ரவரி 2025

நாமே பதிவு செய்துவிட்டால் என்ன?

சட்டம் படித்தவன்
19 பிப்ரவரி 2025

நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் பேசுபவர்களில் ஒருவர் சம்மதம் போதும். கலிஃபோர்னியாவில் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அதைவிட எளிய வழி, அழைப்பு முடிந்த அன்றே இணையக் கணக்கின் செய்திப் பெட்டியில், இன்ன நேரத்தில் இன்னாரோடு பேசினேன், அவர் இப்படிச் சொன்னார், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள் என்று எழுதிவிடுவது.

எடிசன் அப்பா
7 ஜூன் 2025

நீண்ட நாட்களாக எழுதாததற்கு மன்னிக்கவும். இதுவரை நடந்ததைச் சொல்கிறேன். நல்லதும் கெட்டதும் கலந்திருக்கிறது.

பியூரோக்களுக்கு மார்ச்சில் எழுதினோம். மூன்றுமே, சர்வீசர் உறுதிப்படுத்திவிட்டார், தகவல் சரி என்று பதில் அனுப்பின. கடித நகலை இணைத்திருந்தும் இப்படித்தான். ஏப்ரலில் மகள் சி.எஃப்.பி.பி. தளத்தில் புகார் கொடுத்தாள். முதல் வரைவை நான் எழுதினேன்; பத்தாண்டு உழைப்பு, பிள்ளைகளின் எதிர்காலம், நீதி என்று இரண்டு பக்கம் வந்தது. அவள் அதை எட்டு வரிகளாகக் குறைத்தாள்: கடிதத்தின் தேதி, அதில் இருந்த வாக்கியம், ஆட்டோபே நின்ற தேதி, தனிக் கணக்கில் அந்த நான்கு மாதமும் பணம் இருந்ததற்கான வங்கி அறிக்கை, நிலுவையைக் கட்டிய தேதி, என்ன வேண்டும் என்ற கோரிக்கை. 31 நாட்களில் பதில் வந்தது. கணக்கு மாற்றத்தின்போது ஆட்டோபே விவரம் ஏற்றப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு, நான்கு மாதத்துக்கான நிலுவைப் பதிவை நீக்கச் சொல்லி மூன்று பியூரோக்களுக்கும் எழுதிவிட்டார்கள். வருத்தம் தெரிவிக்கவில்லை. ஸ்கோர் 731-க்கு வந்துவிட்டது. வீடு போய்விட்டது, வேறு பார்க்கிறார்கள்.

எண்ணிக்கை விஷயம்தான் நகரவில்லை. முதல் மாவட்டத்தில் மனிதவளப் பிரிவு முழுவதும் மாறிவிட்டது. விடுபட்ட 12 மாதங்களுக்குப் புதுப் படிவத்தில் கையெழுத்து வாங்க ஏழு வாரம் ஆனது. கோடை விடுமுறை மாதங்களில் அவள் வேலை பார்க்கவில்லையே என்று அங்கே ஒருவர் தடை சொன்னார். மறுபரிசீலனைக் கோரிக்கையை ஏப்ரல் கடைசியில் போட்டோம். பரிசீலனையில் உள்ளது என்ற ஒரே வரி இன்றுவரை மாறவில்லை.

நிதியுதவி மேசை
7 ஜூன் 2025

கோடைத் தடை இனிமேல் வந்தால் அதற்கு விடை இருக்கிறது: ஆண்டில் எட்டு மாதமாவது ஒப்பந்தம் இருந்து, அந்தக் காலத்தில் வாரம் சராசரியாக 30 மணி நேரம் வேலை பார்த்திருந்து, பள்ளியும் முழுநேர ஊழியராகக் கருதினால், ஆசிரியருக்கு விடுமுறை மாதங்களும் பணிக் காலமே. படிவத்தின் விளக்கக் குறிப்பில் இதைக் காட்டலாம்.

மறுபரிசீலனை நகராததற்கு உங்கள் மகளின் கோப்பில் குறை இருக்க வேண்டியதில்லை. கல்வித் துறை தன் ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் குறைப்பதாகச் சென்ற மார்ச்சில் அறிவித்தது. அங்கே கேள்வி கேட்க ஆள் குறைவு. இந்த நிலையில் நான் சொல்லக் கூடியது, உங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகம். இதில் அரசியல் ஒன்றும் இல்லை. எந்தக் கட்சியாக இருந்தாலும், ஃபெடரல் துறைகளில் சிக்கிய கோப்பைப் பற்றி விசாரிப்பதற்கென்றே அங்கே ஊழியர்கள் இருக்கிறார்கள். தொகுதிக்காரரின் கையெழுத்துடன் தனியுரிமை ஒப்புதல் படிவம் ஒன்று கேட்பார்கள். வரிசையைத் தாண்டி முன்னால் நிறுத்த அவர்களால் முடியாது. ஆனால் துறை பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

வழியில் ஓர் எச்சரிக்கை. இப்படிப் புகார்கள் அலையும் காலத்தில், உங்கள் கடனை நாங்கள் தள்ளுபடி செய்து தருகிறோம் என்று தொலைபேசியில் அழைப்பவர்கள் பெருகிவிடுவார்கள். ஸ்டூடன்ட்எய்ட் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்பவரும் முன்பணம் கேட்பவரும் எவராயினும் திருடரே.

எடிசன் அப்பா
19 அக்டோபர் 2025

அம்மா, நீங்கள் சொன்ன வழியில் ஜூலையில் விண்ணப்பித்தோம். காங்கிரஸ் அலுவலகத்தில் இருந்த இளைஞர் இரண்டு முறை அழைத்து விவரம் கேட்டார். என்னிடம் அல்ல, மகளிடம். செப்டம்பர் இறுதியில் 12 மாதங்களும் சேர்க்கப்பட்டன. தாமதமாகக் கட்டிய நான்கும் சேர்ந்துவிட்டன. 88-உம் 12-உம் 4-உம், பிப்ரவரி முதல் இந்த அக்டோபர் வரை கட்டிய 9-உம் சேர்த்து இப்போது 113 காட்டுகிறது. தளம் காட்டும் எண்ணும் என் தாளில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போனது இந்த ஆண்டில் இதுவே முதல் முறை.

மிச்சம் இருப்பது 2016-இன் ஆறு மாத ஃபார்பேரன்ஸ். அதற்கு பை-பேக் என்ற வழி இருப்பதாக மகள் சொல்கிறாள். இதில் யாருக்காவது அனுபவம் உண்டா?

இரவுப் பணி
19 அக்டோபர் 2025

என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் செய்தார். ஃபார்பேரன்ஸில் போன மாதங்களுக்கு, அப்போது கட்டியிருக்க வேண்டிய தொகையை இப்போது கட்டி அந்த மாதங்களை வாங்கிக்கொள்ளலாம். அந்த மாதங்களுக்குப் பணிச் சான்று ஏற்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வாங்கும் மாதங்களோடு சேர்த்து 120 முழுமையானால்தான் விண்ணப்பமே செல்லும். உங்கள் மகளுக்கு 113-உம் 6-உம் சேர்த்தால் 119 தான். நவம்பர்த் தவணை கட்டிய பிறகு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இப்போது போட்டால் திரும்பி வரும்.

கணக்குப்பிள்ளை
20 அக்டோபர் 2025

இதிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பை-பேக் வரிசை மிக நீளம். விண்ணப்பிக்காமலே மாதாமாதம் கட்டிக்கொண்டு போனால், 2026 மே மாதத்தில் 120 தானாக வந்துவிடும்.

எடிசன் அப்பா
20 அக்டோபர் 2025

கணக்கை மகளே போட்டுவிட்டாள். 2016-இல் முதல் ஆண்டு ஆசிரியைச் சம்பளத்துக்கு அவள் தவணை 140 டாலர். இன்று 390. ஃபார்பேரன்ஸுக்கு முன்னும் பின்னும் இருந்த தவணைகளில் குறைந்ததைத்தான் பை-பேக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்பதால், ஆறு மாதத்துக்கு 840 டாலர். இப்போதைய தவணையில் ஆறு மாதம் என்றால் 2,340. எனவே நவம்பர் 15-ஆம் தேதித் தவணை வங்கியிலிருந்து போனதைக் கண்ணால் பார்த்துவிட்டு, மறுநாள் விண்ணப்பத்தைப் போடுவதாகவும், பதில் வரும்வரை தவணையையும் நிறுத்தாமல் கட்டுவதாகவும் முடிவு செய்திருக்கிறாள். அந்தத் தனிக் கணக்கை இப்போது ஒவ்வொரு மாதமும் 16-ஆம் தேதி திறந்து பார்க்கிறாள்.